உறை உண்டு; கரு இல்லை

மணமாகிச் சில மாதங்களே சென்ற ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்று அறிந்து வீட்டார் மகிழ்கின்றனர். சிறுநீர்ச் சோதனையும் அதனை உறுதி செய்கிறது. காலையில் எழுந்தால் குமட்டல். உலை கொதிக்கும் வாசனையே அவளுக்குப் பிடிப்பதில்லை. ஆறாம் வாரத்திலோ ஏழாம் வாரத்திலோ, மக்கள் ‘ஸ்கேன்’ என வழங்கும் கழியொலிப் பரிசோதனைக்குச் சென்று திரும்பும்போது அவள் கையில் ஓர் ஆங்கிலத் தாள் இருக்கிறது. கருவைச் சூழ்ந்திருக்கவேண்டிய உறை காணப்படுகிறது, அதனுள் கரு காணப்படவில்லை என்பதே அத்தாளின் செய்தி. இத்தகைய தாள்களைக் கொண்டுவந்து, “சேர், இதற்கு என்ன பொருள்?” என்று எம்மைப்போன்ற ஆசிரியர்களைக் கேட்போர் கம்பளையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் இன்றும் உளர்.

பொருள் கூறுவதிலேயே முதற் சங்கடம் தோன்றிவிடுகிறது. ஆங்கிலத்தில் கருவைத் தாங்கும் உறுப்புக்கு ஒரு பெயர். அவ்வுறுப்பினுள்ளே கருவைச் சுற்றி உண்டாகும் மெல்லிய நீர்க்குமிழுக்கு வேறொரு பெயர். தமிழில் நாம் முன்னதையும் ‘பை’ என்கிறோம். பின்னதையும் ‘பை’ என்கிறோம். எனவே ‘பை வெறுமையாக இருக்கிறது’ என்று ஒருவர் மொழிபெயர்த்த மாத்திரத்தில், இவள் கர்ப்பமாகவே இருக்கவில்லை என்ற முடிவுக்கு வீட்டார் வந்துவிடுகின்றனர். “வயித்துல ஒண்ணுமே இல்லாமத்தானா இத்தன நாளா வேலைக்குப் போகாமக் கெடந்தா?” என்று மாமியார் ஒருவர் கேட்டதை யாம் அறிவோம். ஒரு சொல்லின் குறைபாடு ஒரு பெண்ணைப் பொய்யளாக்கிவிட்டது. ஆதலின் இக்கட்டுரையில் உறுப்பைக் ‘கருப்பை’ என்றும், அதனுள் உண்டாகும் குமிழைக் ‘கருவுறை’ என்றும் பிரித்தே வழங்குவோம்.

கரு இல்லாமல் கருவுறை மட்டும் எவ்வாறு வளரும்? தேங்காய் இல்லாமல் மட்டை வளருமா என்று கேட்பது போன்றதே இக்கேள்வி. இதற்கு விடை காணக் கருத்தரிப்பின் முதல் வாரத்துக்குச் செல்லவேண்டும்.

முட்டையும் விந்தும் இணைந்து நுகமாகின்றன. அந்நுகம் பலோப்பியன் குழாயினூடே கருப்பையை நோக்கி நகர்ந்துகொண்டே இரண்டாய், நான்காய், எட்டாய்ப் பிரிகிறது. ஐந்தாம் நாளளவில் அது ஏறத்தாழ நூறு கலங்களைக் கொண்ட, உள்ளே குழிவுள்ள ஒரு சிறு கோளம்; ஊசிமுனையளவினது. இந்நிலையிலேயே அதன் கலங்கள் இரு பகுதியாகப் பிரிந்து தத்தம் தொழிலை ஏற்றுக்கொள்கின்றன. உட்புறத்தே ஒரு மூலையில் திரண்டு நிற்கும் சில கலங்களே பிற்காலத்திற் குழந்தையாக வளரவேண்டியவை. வெளிச்சுவராய் அமைந்த கலங்களோ கருப்பையின் சுவரிற் பதிந்து, கருவுறையையும் சூல்வித்தகத்தையும் ஆக்கும் பொறுப்புடையவை. ஒரே நுகத்தினின்றும் தோன்றியவையாயினும் இவ்விரு பகுதிகளின் பாதைகள் வேறு. வீட்டிற் குடியேற வேண்டியவரும் அவ்வீட்டைக் கட்ட வேண்டிய கொத்தனாரும் ஒரே வண்டியில் வந்திறங்கினர் என்று கொள்வோம். குடியேற வந்தவர் வழியிலேயே மறைந்துவிட்டார். கொத்தனாருக்கு அச்செய்தி தெரியாது. அவர் சுவரெழுப்பிக்கொண்டே இருக்கிறார். சில வாரங்கள் சென்ற பின்னரே கரண்டியைக் கீழே வைக்கிறார்.

கருவற்ற கருவுறையின் கதை இதுவே. உட்கலங்கள் கருவாக உருப்பெறாமலே நின்றுவிடலாம். அல்லது கண்ணுக்குப் புலனாகாத மிகச் சிறு பருவத்திலேயே வளர்ச்சி நின்று, உடல் அவற்றை உள்வாங்கிக் கொண்டிருக்கலாம். வெளிக்கலங்கள் மட்டும் தம் பணியைத் தொடர்கின்றன. குமட்டலும், மார்பகங்களின் கனமும், சோர்வும் தொடர்வதற்குக் காரணமும் அவ்வெளிக்கலங்களே. சிறுநீர்ச் சோதனைக் குச்சி கண்டறிவது அக்கலங்கள் சுரக்கும் ஓர் ஓமோனைத்தான். குழந்தை சுரக்கும் எதனையும் அன்று. இச்சோதனையின் வரலாறு சுவையானது. 1920களின் பிற்பகுதியில் பெர்லின் நகரில் செல்மார் அஷ்ஹைம், பெர்ன்ஹார்ட் சொண்டெக் என்னும் இருவர், பெண்ணின் சிறுநீரை இளஞ் சுண்டெலிகளுக்கு ஊசியேற்றி, அவற்றின் சூலகங்களில் நிகழும் மாற்றத்தைக் கொண்டு கர்ப்பத்தை அறிந்தனர். இன்று அந்தச் சுண்டெலியின் இடத்தில் மருந்துக்கடையிற் கிடைக்கும் ஒரு குச்சி நிற்கிறது. எலியாயினும் குச்சியாயினும் அவற்றுக்குக் கேட்பது கொத்தனாரின் சுத்தியலோசையே. குடியிருப்பவர் உள்ளாரா என்பதை அவை அறியா.

ஆகவே குச்சியும் பொய் சொல்லவில்லை. பெண்ணும் பொய் சொல்லவில்லை. அவள் உண்மையாகவே கருவுற்றிருந்தாள்.

இனி, உட்கலங்கள் ஏன் நின்றன? மனிதக் கலமொன்றில் 46 நிறமூர்த்தங்கள் இருத்தல் வேண்டும். இவ்வெண்ணைச் சரியாக எண்ணியறிந்ததே அண்மைக் காலத்திலேதான். ஜாவாவிற் பிறந்த ஜோ ஹின் சியோ என்பவரும் சுவீடன் நாட்டு அல்பேட் லெவானும் லுண்ட் நகரில் அதனை நிறுவி 1956இல் வெளியிடும் வரையில், 48 என்றே உலகம் பாடம் படித்து வந்தது. தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 என்று வரவேண்டிய இடத்தில் முட்டையோ விந்தோ பிரியும்போது ஒன்று கூடியோ குறைந்தோ போய்விடுவதுண்டு. அத்தகைய நுகங்களிற் பெரும்பாலானவற்றால் நெடுநாள் வளர முடிவதில்லை. முதல் மூன்று மாதங்களுள் நிகழும் கருச்சிதைவுகளில் ஏறத்தாழப் பாதிக்கோ அதற்கு மேற்பட்டவற்றுக்கோ இந்நிறமூர்த்தப் பிழையே காரணம் என ஆய்வாளர் கண்டுள்ளனர். பதினாறாம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக அமைவது அவற்றுட் சாலவும் பொதுவானது.

இப்பிழை தாயின் முட்டையிலும் நேரலாம்; தந்தையின் விந்திலும் நேரலாம். எழுதுவோன் கை தவறுவது போன்ற ஒன்று இது. தாயின் வயது ஏற ஏற இது மிகுதியாகிறது. நோர்வே நாட்டின் பதிவேடுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, இருபத்தைந்துக்கும் இருபத்தொன்பதுக்கும் இடைப்பட்ட வயதினரிடையே கருச்சிதைவு நூற்றுக்குப் பத்து. நாற்பத்தைந்தைக் கடந்தோரிடையே நூற்றுக்கு ஐம்பத்து மூன்று. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால், அறியப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்குப் பதினைந்து இவ்வாறு முடிவுறுகின்றன என்றும், உலகெங்கும் ஆண்டொன்றுக்கு இரண்டு கோடியே முப்பது இலட்சம் கருச்சிதைவுகள் நிகழ்கின்றன என்றும் ‘லான்செற்’ மருத்துவ இதழ் 2021இல் எழுதியது. நிமிடத்துக்கு நாற்பத்து நான்கு. இக்கட்டுரையின் இந்தப் பந்தியை வாசித்து முடிப்பதற்குள்ளேயே நாற்பது குடும்பங்களின் நம்பிக்கை தளர்ந்திருக்கும் என்க.

இத்தனை பொதுவான ஒன்றுக்கு நம் வீடுகளிற் கூறப்படும் காரணங்களோ வேறு. பப்பாசி தின்றாள், அன்னாசி தின்றாள், கொழுந்துக் கூடையைச் சுமந்து மலையேறினாள், புசல்லாவைக்குப் பேருந்தில் வளைவு வளைவாகப் போய்வந்தாள், கிரகணத்தன்று வெளியே வந்தாள், கண்ணூறு பட்டது என்று பட்டியல் நீள்கிறது. உட்கலங்கள் நின்றுபோவது, பல வேளைகளில், தான் கருவுற்றிருப்பதைப் பெண் அறிந்து ஓரிரு வாரங்களுக்குள். சில வேளைகளில் அவள் அறியுமுன்னரே. பேருந்தின் குலுக்கலால் ஒரு நிறமூர்த்தம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. காரணம் கூறும் வாய்கள் எப்பொழுதும் பெண்ணின் செயலையே சுட்டுகின்றன என்பதும், ஆடவன் தின்றதையும் சென்றதையும் எவரும் ஆராய்வதில்லை என்பதும் கவனிக்கத்தக்கன.

இவ்வுறையை உயிருள்ள பெண்ணின் வயிற்றினுள்ளே பார்க்கும் வல்லமை மனிதனுக்கு எவ்வாறு கிட்டியது என்பதையும் இளைஞர் அறிதல் நன்று. ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1954இல் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக அமர்ந்தவர் இயன் டொனால்ட். இரண்டாம் உலக யுத்தத்தில் விமானப்படையிற் பணிபுரிந்தவர். றேடார், சோனார் ஆகியவற்றின் ஆற்றலை நேரிற் கண்டவர். கடலின் அடியிற் கிடக்கும் நீர்மூழ்கியை எதிரொலியால் அறியலாமெனின், வயிற்றினுள் இருப்பதையும் அவ்வாறே அறியலாகாதோ என்று அவர் எண்ணினார். அருகேயிருந்த ரென்ஃபிறூ நகரில் நீராவிக் கொதிகலன்கள் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே உலோகத்தில் வெடிப்பு உளதா என்று பார்க்க எதிரொலிக் கருவியொன்றைப் பயன்படுத்தி வந்தனர். 1955ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒருநாள், அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளை மோட்டார் வண்டியின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு டொனால்ட் அத்தொழிற்சாலைக்குச் சென்றார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பெரியதோர் இறைச்சித் துண்டும் அங்கே வைக்கப்பட்டிருந்ததாம். திண்மையான கட்டி ஒருவகை எதிரொலியையும் நீர் நிறைந்த கட்டி வேறுவகை எதிரொலியையும் தந்தன. பொறியியலாளர் ரொம் பிறவுண், மருத்துவர் ஜோன் மக்விக்கார் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1958ஆம் ஆண்டு ஜூன் மாதம் ‘லான்செற்’ இதழில் வந்தது. பிற்காலத்திற் கம்பளையின் பெண்ணொருத்தி கட்டிலிற் படுத்து இருண்ட திரையை நோக்குவதற்கு, கொதிகலனின் வெடிப்பைத் தேடிய கருவியே மூதாதை.

ஒரு சிறு குறிப்பு: பரிசோதனைக்கு வரும்போது ‘நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்’ என்று தாதியர் சொல்வதைப் பலரும் கேட்டிருப்பர். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது கருப்பையைக் காட்டும் சாளரமாக அமையும் என்பதை 1960களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டியவரும் டொனால்டே. 1972இல் அவரும் அவர்தம் தோழர்களும், கருவற்ற கருவுறையைக் கழியொலியாற் கண்டறிவது பற்றியே தனிக் கட்டுரை எழுதினர். அதுகாறும், குருதிப்போக்குத் தொடங்கிய பின்னரே ஒரு பெண் செய்தியை அறிவாள். அதன் பின்னரோ, உடல் அறிவிக்குமுன்பே திரை அறிவிக்கத் தொடங்கியது. இது நன்மையா தீமையா என்று எம்மைக் கேட்டால், இரண்டும் என்றே கூறுவோம். முன்கூட்டி அறிதலில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது.

அவ்வாபத்து இதுதான். மிக இளைய, நலமான கர்ப்பமும் திரையில் வெற்றுறையாகவே தோன்றும். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிட்டால், உட்புறமாகச் செய்யும் பரிசோதனையிற் கருவுறை ஐந்தாம் வாரமளவிலும், அதனுள் மஞ்சட்கருப் பை எனப்படும் சிறு வளையம் ஐந்தரை வாரமளவிலும், கருவும் அதன் இதயத் துடிப்பும் ஆறாம் வாரமளவிலும் புலனாகும். வயிற்றின் மேலாகப் பார்க்கும் பரிசோதனையில் இவை இன்னும் சில நாள் பிந்தியே தெரியும். ஏழு வாரம் என்று எண்ணி வந்தவளுக்கு உண்மையில் ஐந்து வாரமேயாயின், திரையில் வேறெதனைக் காணமுடியும்? இருபத்தெட்டு நாளுக்கொருமுறை என்பது புத்தகக் கணக்கு. முப்பத்தைந்து, நாற்பது நாளுக்கொருமுறை மாதவிடாய் வருவோர் பலர். அவர்களுக்குக் கருத்தரிப்பும் அவ்வளவுக்குப் பிந்தியே நிகழும்.

அப்படியாயின் எந்த அளவைக் கண்டால் ‘இனிக் கரு வாராது’ என்று துணியலாம்? இங்கேதான் மருத்துவ உலகம் அண்மையிற் பெரியதொரு பாடம் கற்றது. கருவுறையை மூன்று திசையில் அளந்து சராசரி காண்பர். சில நாடுகளில் 16 மில்லிமீற்றர், சிலவற்றில் 20 மில்லிமீற்றர் சராசரியுள்ள உறையிற் கரு காணாவிட்டால் கர்ப்பம் தோற்றது என்று நெடுங்காலம் முடிவு கட்டினர். 2011இல் இலண்டனைச் சார்ந்த ஆய்வாளர் இதனை மறுபரிசீலனை செய்தனர். 16 மில்லிமீற்றரை எல்லையாகக் கொண்டால், நலமாக வளரக்கூடிய கர்ப்பங்களில் நூற்றுக்கு நான்குக்குச் சற்று மேற்பட்டவை தவறாகத் தள்ளப்படும் என்று கண்டனர். அன்றியும், ஒரே உறையை இருவர் அளந்தால், ஒருவர் 20 மில்லிமீற்றர் என்பதை மற்றவர் ஏறத்தாழ 17 என்றோ 24 என்றோ கூறக்கூடும் என்பதும் தெரியவந்தது. அளவுகோல் ஒன்றே, கைகள் வேறு. அக்காலத்திலேதான் அயர்லாந்தில், கரு இறந்துவிட்டது என்று கூறப்பட்ட பெண்ணொருவர் மனம் ஒப்பாது வேறிடத்தில் மீண்டும் பரிசோதித்து, உயிருடன் இருந்த குழந்தையைப் பின்னர்ப் பெற்றெடுத்த செய்தி 2010இல் வெளியாகி நாட்டையே உலுக்கியது. அந்நாட்டில் விசாரணை நடந்தது. அத்தகைய வேறு நிகழ்ச்சிகளும் வெளிப்பட்டன.

இவற்றின் பயனாக, 2013இல் அமெரிக்காவின் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்’ வெளியிட்ட வழிகாட்டல் எல்லையை உயர்த்தியது. உட்புறப் பரிசோதனையிற் கருவுறையின் சராசரி 25 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ இருந்து, கரு காணப்படாவிடின் மட்டுமே துணிந்து கூறலாம். அதற்குக் குறைந்தால் ஐயமே, உறுதி அன்று. முதற் பரிசோதனையில் மஞ்சட்கருப் பை இல்லாத உறை தெரிந்திருந்தால் இரண்டு வாரம் கழித்தும், மஞ்சட்கருப் பையுடன் கூடிய உறை தெரிந்திருந்தாற் பதினொரு நாளேனும் கழித்தும் பார்த்து, அப்பொழுதும் இதயத் துடிப்புடைய கரு காணப்படாவிட்டால்தான் முடிவு. காத்திருப்பதால் தாய்க்குப் பொதுவாகத் தீங்கில்லை. அவசரத்தால் விளையும் தீங்கோ திருத்த முடியாதது.

எம் பகுதியில் நாம் அறிந்த இரு பெண்களின் நிலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒருவர் இளம் ஆசிரியை. நகரத்து நிலையமொன்றில் வயிற்றின் மேலாகப் பார்த்து, வெற்றுறை என்று எழுதிக் கொடுத்தனர். அன்று மாலையே ‘சுத்தம் செய்து’ விடவேண்டும் என்று உறவினர் வற்புறுத்தினர். அவருடைய கணவர் மட்டும், “அவசரப்பட வேண்டாம் அம்மா, இன்னொரு தரம் பார்ப்போம்” என்று நின்றார். பதினாறு நாள் கழித்து அரசாங்க வைத்தியசாலையிற் பார்த்தபோது திரையில் ஒரு துடிப்புத் தெரிந்தது. அவருக்கு மாதவிடாய் நாற்பது நாளுக்கொருமுறை வருவது. மற்றவர் தோட்டத் தொழிலாளி. அவருக்கும் இரண்டு வாரம் கழித்து வரும்படி கூறினர். ஆயின் வைத்தியசாலைக்குச் சென்றால் அன்றைய பேர் போய்விடும், சம்பளத்திற் குறையும். அவர் போகவில்லை. ஐந்து வாரம் சென்றபின் மலையில் கொழுந்தெடுத்துக் கொண்டிருக்கையில் மிகுந்த குருதிப்போக்கு ஏற்பட்டு, தோட்டத்து லொறியில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார், குருதியும் ஏற்றப்பட்டது. ஒருவருக்குக் காத்திருத்தல் வாழ்வளித்தது. மற்றவருக்கோ காத்திருத்தலுக்கும் கைவிடுதலுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை எவரும் எடுத்துச் சொல்லவில்லை. இரண்டாம் பரிசோதனையின் திகதி குறிக்கப்பட்டால் அத்திகதிக்குச் சென்றே தீரவேண்டும். தோட்ட நிர்வாகங்கள் அந்த ஒருநாட் பேரை விட்டுக்கொடுத்தால் பெருநட்டம் ஒன்றும் வந்துவிடாது. அயல்நாடாகிய இந்தியாவில் 1961இல் இயற்றிய மகப்பேற்று நலச் சட்டமே கருச்சிதைவுக்கு ஆறு வாரச் சம்பள விடுமுறையை வகுத்தது.

காத்திருக்கும் நாட்களில் விழிப்பாக இருக்கவேண்டிய வேறொரு காரணமும் உண்டு. கருப்பைக்கு வெளியே, பலோப்பியன் குழாயிலேயே கரு தங்கிவிடும் நிலையிலும் கருப்பையினுள் சிறு நீர்த்தேக்கம் வெற்றுறை போலத் தோன்றக்கூடும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும்வலி, தோள்முனையில் வலி, மயக்கம், வியர்த்துக் குளிர்தல் ஆகியவற்றுள் எது கண்டாலும் அது இரவாயினும், மழையாயினும் அந்த நேரமே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அவ்வாறே, ஒரு மணித்தியாலத்தில் இரண்டு துவாய்களை நனைக்கும் அளவுக்குக் குருதிப்போக்கு இரண்டு மணித்தியாலம் தொடர்ந்தாலும், காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தாலும் தாமதிக்கலாகாது.

கரு இல்லை என்பது உறுதியானபின் மூன்று வழிகள் உள. இயற்கையாகவே வெளியேறும்வரை வைத்தியரின் கண்காணிப்பிற் காத்திருத்தல் ஒன்று. இதற்குச் சில வாரங்களும் ஆகலாம். மருந்து கொடுத்துக் கருப்பையைச் சுருங்கச் செய்தல் மற்றொன்று. மெல்லிய குழாயினால் உறிஞ்சி அகற்றுதல் மூன்றாவது. அமெரிக்காவில் அறுநூற்றைம்பதுக்கு மேற்பட்ட பெண்களைக் கொண்டு செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து மட்டும் நூற்றுக்கு 84 பேருக்குப் போதுமானதாயிற்று. உறிஞ்சும் முறை நூற்றுக்கு 97 பேருக்குப் பயன்பட்டது. எது ஏற்றது என்பது பெண்ணின் உடல்நிலையையும், வைத்தியசாலைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தையும், அவளுடைய விருப்பத்தையும் பொறுத்தது. மலையுச்சியில் லயனில் வாழ்பவளுக்கு நள்ளிரவிற் குருதிப்போக்குத் தொடங்கினால் வாகனம் எங்கே? இதனை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். இரத்த வகை ரீசஸ் எதிர் எனின் ஊசியொன்று தேவைப்படுமா என்றும் கேட்கவேண்டும். வெளியேறிய திசுவை ஆய்வுகூடத்துக்கு அனுப்புமாறு வைத்தியர் கூறினால் அதனை வீண்செலவு என்று கருதலாகாது. திராட்சைக் குலைபோல் நீர்க்குமிழ்கள் திரளும் வேறொரு நோய் இவ்விடத்தில் ஒளிந்திருப்பதுண்டு. அது பின்தொடர்ந்து கவனிக்கப்பட வேண்டியது.

சிலர் சட்டத்தை எண்ணி அஞ்சுகின்றனர். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்கும் பொருட்டன்றிக் கருவைச் சிதைப்பதைக் குற்றமாக்குகிறது. ஆயின் கருவே இல்லாத, தோல்வியுற்ற கர்ப்பத்துக்கு வைத்தியசாலையிற் செய்யும் சிகிச்சை கருக்கலைப்பு ஆகாது. இவ்வச்சத்தால் மறைவான இடங்களை நாடி, சுத்தமில்லாத கருவிகளுக்கு உடலைக் கொடுத்துத் துன்புறுவோர் இருப்பது வருந்தத்தக்கது. கம்பளை, நாவலப்பிட்டி, பேராதனை, கண்டி ஆகிய எல்லா இடங்களிலும் அரசாங்க வைத்தியசாலைகள் இருக்கின்றன. அங்கே இச்சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை.

உட்புறப் பரிசோதனைக்கு நம் பெண்கள் கூசுகின்றனர். அது இயல்பே. பெண் தாதியொருவர் உடனிருக்கவேண்டும் என்று கேட்பதில் தவறொன்றுமில்லை. பரிசோதனை ஒரு சில நிமிடமே. இளங்கர்ப்பத்தில் அது தீங்கு செய்வதுமில்லை.

உடல் தேறியபின்னரும் மனம் தேற நாளாகும். குழந்தையே உருவாகவில்லை, அதற்கு ஏன் அழுகை என்று கேட்போர் உண்டு. அவள் இழந்தது தை மாதத்திற் பிறக்கும் என்று எண்ணியிருந்த பிள்ளையை. அதற்கு வைக்கக் கருதிய பெயரை. கணவனும் இழந்தவனே, அவனை எவரும் விசாரிப்பதில்லை. நம் முன்னோர் இத்துயரை அறியாதவரல்லர். தஞ்சை மாவட்டத்துத் திருக்கருகாவூர்த் தலபுராணத்தில், முனிவர் ஒருவரின் சாபத்தாற் கலைந்த வேதிகையின் கருவை அம்பிகை தெய்விகக் குடமொன்றில் இட்டு வளர்த்துக் கொடுத்தாள் என்பர். அங்கே கரு இருந்தது, தாயின் கருப்பை இல்லை. இங்கே உறை இருக்கிறது, கரு இல்லை. அக்கதையில் நம் மனத்தைத் தொடுவது, அம்பிகை வேதிகையை நோக்கி ‘நீ என்ன பிழை செய்தாய்?’ என்று கேட்கவில்லை என்பதே. மணிவாசகரும் போற்றித் திருவகவலில், கருவிலிருக்கும் உயிர் மாதந்தோறும் தப்பிப் பிழைத்த இடர்களை எண்ணுகையில் முதல் மாதத்திலிருந்தே தொடங்குகின்றார். மாணவர்க்கு அப்பகுதியைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம், பிறந்தவர் ஒவ்வொருவரும் எத்தனை வாயில்களைத் தாண்டி வந்தோம் என்ற வியப்பே எமக்கு மிகுகிறது.

அடுத்த கர்ப்பம் எப்பொழுது? முன்னர் ஆறு மாதமேனும் பொறுக்கவேண்டும் என்றனர். ஸ்கொத்லாந்தில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டவர்கள், ஆறு மாதத்துக்குள் மீண்டும் கருவுற்றோருக்குக் கூடுதல் தீங்கில்லை என்றும், அவர்தம் நிலை சற்று மேலாகவே இருந்தது என்றும் கண்டனர். உடலும் மனமும் ஒப்பினாற் போதும். நாட்கணக்குத் தெளிவாயிருக்க ஒரு மாதவிடாய் வந்து செல்வது நல்லது. ஒருமுறை இவ்வாறு நிகழ்ந்தவர்களிற் பெரும்பாலோர் அடுத்தமுறை நலமே பிள்ளை பெறுகின்றனர். இரண்டு மூன்று முறை தொடர்ந்தால் மட்டும் விசேட வைத்தியரைக் கண்டு, கணவன் மனைவி இருவரும் பரிசோதனை செய்வித்தல் வேண்டும். போலிக் அமில மாத்திரையைக் கருவுறுமுன்பே தொடங்கவேண்டும். அதனைப் பகுதிக் குடும்பநல மருத்துவ மாதுவிடம் கேட்டுப் பெறலாம். வீடு தேடி வரும் அம்மாதுவிடம், முன்பு நிகழ்ந்ததை மறைக்காமற் கூறிவிடுதல் நன்று. மாதவிடாய் தொடங்கிய நாளைச் சமையலறை நாட்காட்டியிற் சிறு புள்ளியிட்டுக் குறித்துவைக்கும் வழக்கத்தையும் பெண்கள் கைக்கொள்ளலாம். கட்டிலிற் படுத்ததும் வைத்தியர் முதலிற் கேட்பது அந்தத் திகதியைத்தான்.